வாகைகுளத்துல பூட்டுன வாய்

பேசக் கூடாது. அவ்வளவுதான். மூச்சு விடலாம், முழிக்கலாம், இருமக்கூடச் செய்யலாம்னு எங்க கோயில் பூசாரி வேலாண்டி அண்ணன் சொல்லிருக்கான், வாயத் தொறந்து ஒரு சொல்லு மட்டும் வரப்படாது. இதெல்லாம் ஒரு வேலையா, எம்மவன் நாலு வருசமா அதத்தான செய்தான். ச்சே, அத இப்ப நெனைக்காத. விமானம் இன்னும் தரையிலதான் உருண்டுக்கிட்டுக் கெடக்கு, நம்ம உப்பு வண்டி மேட்டுல ஏற முடியாம உறுமுமே அந்த மாதிரி ஒரு உறுமல், சன்னலுக்கு வெளிய வாகைகுளத்து உடமரக் காடு மெல்ல மெல்லப் பின்னால போகுது. அந்தா அந்த விமானத்துப் பொண்ணு வருது, கழுத்துல துண்டு கட்டிக்கிட்டு, சிரிப்ப மூஞ்சியில ஆணியடிச்சு மாட்டுன மாதிரி. "சார், மடியில என்ன சார்? சீட்டுக்கு அடியில வச்சிருங்க." அடியில வைக்கணுமாம். பனையடி மாடனக் காலுக்கு அடியில வைக்கணுமாம். ஏ தாயி, அவரு யாருன்னு தெரியுமா உனக்கு, கோயிலுக்கு முன்னால சைக்கிள்ல ஏறிப் போனவன ஒரு வாரம் படுக்கையில போட்ட ஆளு. அந்தப் பொண்ணு குரல அப்பிடியே திருப்பிச் சொல்ல நாக்கு துடிக்குது, 'சார்' எப்பிடிச் சொல்லுதான்னா 'ஸா...ர்', நடுவுல ஒரு ஊஞ்சல் கட்டி ஆடிட்டு வருது. பின் சீட்டுல மவன் பக்கத்துல இருந்த ஆவுடை, எம் பொண்டாட்டி, எந்திரிச்சுச் சொன்னா, "அவரு பேச மாட்டாரும்மா, சாமி மண்ணு அது, கீழ வைக்கப்படாது." அந்தப் பொண்ணுக்கு என்ன வெளங்குச்சோ, சிரிப்பு அப்பிடியே இருக்கு, கண்ணு மட்டும் பாவம்னு சொல்லிட்டுப் போச்சு. நான் மஞ்சத்துணி முடிச்சச் சட்டைக்குள்ள விட்டு பட்டனப் போட்டேன். பாக்க ஆறு மாச வயிறு. வளகாப்பு மட்டுந்தான் பாக்கி. இத வாய்விட்டுச் சொன்னா இந்த விமானத்துல ஒருத்தன் சிரிக்காம இருப்பானா? சொல்ல முடியாம வந்து தொண்டக்குழியில நிக்குது, மீன் முள்ளு மாதிரி. முகத்துல மாஸ்க்கு வேற, அது ஆவுடை ரோசன, வாயக் கட்டுன மாதிரியும் ஆச்சு, கேக்குதவனுக்குச் சளின்னு சொன்ன மாதிரியும் ஆச்சுன்னு. நல்ல ரோசனதான், இந்தா வயித்துல சில்லுன்னு இருக்கே, மண்ணு இம்புட்டுச் சில்லுன்னா இருக்கும், காலையில வெயில்ல கெடந்த மண்ணுல்லா அது.

மூணு கைப்பிடி. கோயில் பனமரத்து மூட்டுல, பீடத்துக்குப் பக்கத்துல அள்ளுனது. பொழைக்கப் போன எடத்துல சாமி வேணும்னா ஊர்லேர்ந்து பிடிமண்ணு கொண்டு போயி வச்சுக் கும்புடணும், எங்க ஆளுக எல்லாரும் செய்ததுதான். நாங்க சேலத்துப் பக்கம் ஓமலூருக்குப் போயி ஆறு வருசம் ஆச்சு, நான் செய்யல. உப்பு விக்கதுக்கே நேரம் சரியாப் போச்சு, தூத்துக்குடி உப்பு, லோடு ஆட்டோவுல தெருத் தெருவா. மத்தவன்லாம் ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போடுவான், எனக்குத் தொண்டதான் ஸ்பீக்கரு. ஒரு தெருவுல கெழவன் மாதிரி, அடுத்த தெருவுல பொம்பள மாதிரி, பள்ளிக்கூடத் தெருவுல ஹெட்மாஸ்டர் மாதிரி, 'உப்பு வாங்காதவன்லாம் பெஞ்சு மேல ஏறு'ன்னு. சனம் உப்பு வேணும்னு வராது, நான் இன்னைக்கு யாரு மாதிரி வாரேன்னு பாக்க வரும். அப்பிடிப்பட்டவன் வீட்ல ஒரு புள்ள, ருத்திக்னு பேரு, நாலு வயசாச்சு, ம்-னுகூட ஒரு சத்தம் இல்ல. அழுதாக் கண்ணுலேர்ந்து தண்ணி மட்டும் வரும், ஊம சினிமா மாதிரி. சிரிச்சாலும் அப்பிடித்தான். டாக்டரம்மா காதுல மிசின வச்சுப் பாத்துட்டுக் காது நல்லாருக்குன்னுட்டா, நாக்கு நல்லாருக்கு, தொண்ட நல்லாருக்கு, எல்லாம் நல்லாருக்கு. அப்ப கோளாறு எங்கதாம்மா? ஆவுடை ஊருக்கு வந்து வேலாண்டி அண்ணங்கிட்டக் கேட்டா. பெரியப்பா செத்த பெறகு அவந்தான் பூசாரி. குறி பாத்துட்டு, "புள்ள பொறந்த எடத்துல காவலு இல்லட்டி. சாமி இன்னும் நம்ம எல்லையிலதான் நிக்காரு. கூட்டிட்டுப் போங்க, அவன் பேசுவான்"னான். அம்புட்டுத்தான். அவன் பேசுவான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் வாய மூடிட்டு இந்தத் தகர டப்பாவுல உக்காந்திருக்கேன்.

ஏறுது. ஏறுது, வயிறு மட்டும் கீழேயே தங்கிட்டு. உப்பளம் தெரியுது, பாத்தி பாத்தியா, கண்ணாடிச் சில்லு பரப்புன மாதிரி, அந்தா அந்த வரப்புலதான நம்ம லோடு ஏத்துவோம். சாய்ஞ்சுச்சு. போச்சு. வெறும் மேகம். வேலாண்டி அண்ணன் மண்ணக் கையில தந்துட்டுச் சொன்னான், "எறக்கி வைக்கப்படாது, திரும்பிப் பாக்கப்படாது, வீடு போய்ச் சேருத மட்டும் பேசப்படாது." மூணாவதச் சொன்னதும் கோயில்ல நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சிட்டாவ. எங்க சித்தி, "சொள்ளமுத்து வாய மூடுனான்னா அதான்டி மாடன் செய்த மொத அதிசயம்"னா. பஸ்ஸுன்னா எட்டு மணி நேரம். இவன் அருப்புக்கோட்டை தாண்டுததுக்குள்ள கண்டக்டரு மாதிரிப் பேசிக் காட்டிருவான்னு வேலாண்டி அண்ணனுக்குக் கவல. அப்பந்தான் மச்சினன் செல்போன நோண்டிச் சொன்னான், தூத்துக்குடி வாகைகுளத்துலேர்ந்து சேலம் காமலாபுரத்துக்குப் புதுசா ஒரு சின்ன விமானம் விட்டிருக்கான், ரோட்டுல போனா முன்னூத்தி எழுபது கிலோமீட்டர் சொச்சம், வானத்துல முன்னூத்தி நாப்பது, நேர் வடக்க, நூல் புடிச்ச மாதிரி, ஒரு மணி நேரம் அஞ்சு நிமிசம். எறங்குனா ஓமலூரு கூப்புடு தூரம். கூப்புடு தூரம்னான். கூப்புடுத பேச்ச எதுக்கு எடுத்தான் அவன். அண்ணன் என்னத் தனியா வேப்பமரத்துப் பக்கம் கூட்டிட்டுப் போயிச் சொன்னான், "ஏலே, கூப்புடும். வழியில மூணு தடவ கூப்புடும். சாமிக்குப் பொறந்த எடத்த விட்டு வர மனசிருக்காது பாத்துக்கோ. ஒனக்குத் தெரிஞ்ச ஆளு குரல்லதான் கூப்புடும், பின்னாலேர்ந்து. நீ என்னன்னு கேட்ட, அந்த எடத்துலயே எறங்கிரும். பால்வண்ணத்துக்கு நடந்தது தெரியும்லா?" தெரியும். பால்வண்ணம் சித்தப்பா திருப்பூருக்கு மண்ணு கொண்டு போனாரு, பஸ்ஸுல. மத்தியானம், பஸ்ஸு நெறையக் கூட்டம். பின்னாலேர்ந்து பொண்டாட்டி குரல்ல கூப்புட்டுச்சு. ரெண்டு தடவ பல்லக் கடிச்சுட்டு இருந்தவரு மூணாந் தடவ "என்னட்டி"ன்னுட்டாரு. பொண்டாட்டி திருப்பூர்ல இருக்கா. அந்த எடத்துல ரோட்டோரமா இன்னைக்கும் ஒரு கல்லு இருக்கு, யாரு சாமின்னு யாருக்கும் தெரியாது, லாரிக்காரன்லாம் தேங்கா ஒடச்சுட்டுப் போறான். சித்தப்பாவ நான் எத்தன தடவ கேலி பண்ணிருக்கேன், "என்னட்டி" "என்னட்டி"ன்னு அவரு குரல்லயே. ரோட்டுல எறங்குனா ஒரு கல்லு நிக்கும். இங்க எறங்குனா? இந்தா இந்த மேகத்துல எறங்குனா, எங்க நிக்கும், யாரு தேங்கா ஒடப்பா?

பக்கத்து சீட்டு ஆளு என்னையே பாக்கான். வெள்ளச் சட்ட, பைல பேனா ரெண்டு. "மொதத் தடவையாண்ணே விமானத்துல?" தலைய ஆட்டுனேன். "சேலத்துல எங்க?" கையக் காட்டுனேன், வாய்க்கு நேர, இல்லன்னு. அவனுக்கு ஒரு நிமிசம் ஆச்சு. பெறகு, "ஓ... சரி சரி... பயப்...படா...தீங்க! ஒண்...ணும்...ஆகாது!" ஏ அய்யா, நான் பேசலன்னா எனக்குக் காது கேக்காதுன்னு யாரு சொன்னா ஒமக்கு, நாலு வரிசைக்குக் கேக்க மாதிரிக் கத்துதீரு, கைய வேற விமானம் மாதிரி ஆட்டிக் காட்டுதீரு, எனக்குத் தெரியும்வே நாம விமானத்துலதான் இருக்கோம்னு. சிரிப்பு வருது. வந்த சிரிப்பு பாதியில நின்னு போச்சு. எம்மவங்கிட்ட எல்லாரும் இப்பிடித்தான பேசுதாவ. பலசரக்குக் கடக்காரன், பால்காரி, எங்கம்மா. மூஞ்சிகிட்ட வந்து, வாய அகலமாத் தொறந்து, 'சா...ப்...டி...யா'. நானும்தான். நான்தான் ரொம்ப. அவன் அப்பிடியே பாத்துட்டு இருப்பான், இப்ப நான் இந்த ஆளப் பாக்க மாதிரி, உள்ள எத்தன சொல்லு கெடந்து உருளுதோ. ஆறு தாண்டயில மனசுக்குள்ள சொல்லணும்னு அண்ணன் சொல்லிருக்கான், 'தண்ணி தாண்டுதோம், வாரும்'னு. எங்க ஆறு? ரோட்டுல எனக்கு ஒவ்வொரு டீக்கடையும் தெரியும். எட்டயபுரம் தாண்டுனா ஒரு வாசம் வரும், அருப்புக்கோட்டையில ஒரு வேகத்தட தலைய இடிக்கும், வைகைப் பாலத்துல டயரு சத்தம் மாறும், கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். இங்க எல்லாம் ஒரே சத்தம். வைகை போயிருச்சா? சொல்லாம விட்டுட்டனா? தண்ணிக்கு அந்தப் பக்கமே நின்னுட்டாரா? சரி, இப்ப சொல்லி வப்போம். தண்ணி தாண்டுதோம் வாரும். இப்பவும் ஒண்ணு. தண்ணி தாண்டுதோம் வாரும். தாண்டாத தண்ணிக்குச் சொன்னா கோவிச்சுக்குவாரோ? காது அடைக்குது. பஞ்ச வச்சு அடைச்ச மாதிரி, எஞ்சின் சத்தம் எங்கியோ தூரத்துல போயிட்டு, பக்கத்து ஆளு உதடு அசையுது சத்தம் இல்ல, அந்தப் பொண்ணு தண்ணி பாட்டில் நீட்டுதா சத்தம் இல்ல, எல்லாம் மவன் சிரிக்க மாதிரி நடக்குது, அதுக்குள்ள,

"ஏ சொள்ளமுத்தூ."

தெளிவா. அடைச்ச காதுக்குள்ள, பின் மண்டையில வச்சுச் சொன்ன மாதிரி. திரும்பாத. திரும்பாதல. இது பெரியப்பா. சுப்பையா பெரியப்பா, கோமரத்தாடி, மாடன் அவரு மேலதான் வந்து ஆடுவாரு, முன்பல்லு ரெண்டும் கெடயாது, 'சொ'ன்னு சொல்லும்போது காத்து ஊதும், சைக்கிள் டியூப் மாதிரி. செத்து மூணு வருசம் ஆச்சு. அண்ணன் சொன்னது சரிதான், தெரிஞ்ச குரல்லதான் கூப்புடுது. ஒண்ணு. ஒண்ணு ஆச்சா? அடைச்ச காதுல வந்தது, கணக்குல சேருமா, இல்ல நானா நெனச்சுக்கிட்டதா, இவ்வளவு நேரமா ஊர நெனச்சுட்டே வாரேன்லா. இரு. இரு இரு. அதுக்குப் பொறவு ஒரு இருமல் வந்துச்சே. 'ஏ சொள்ளமுத்தூ... க்கும்.' பெரியப்பா இருமவே மாட்டாரு. சாகுத வரைக்கும் பீடி குடிச்ச மனுசன், ஒரு நாள் இருமுனது கெடயாது. அந்த இருமல் நான் சேத்தது. அவர மாதிரிப் பேசிக் காட்டும்போது கடைசியில ஒரு 'க்கும்' போடுவேன், அதுக்குத்தான் சனம் கைதட்டும். கோயில் கொடையில அவரு முன்னாலயே செஞ்சு காட்டுனேன், அவரு வெத்தலையத் துப்பிட்டுச் சிரிச்சாரு, "நான் எப்பல இருமுனேன், நாசமாப் போவான்"னு. அப்ப இது அவரு குரல் இல்ல. இது நான் செய்த பெரியப்பா. எங்குரலு. நான் இங்க வாய மூடி உக்காந்திருக்கேன், எங்குரலு பின்னால உக்காந்துக்கிட்டு என்னையக் கூப்புடுது.

கைய வச்சு மாஸ்க்க அமுக்குதேன், எனக்குத் தெரியாம நாந்தான் பேசிட்டனோன்னு. உதடு ஒட்டிக் கெடக்கு, காஞ்சு போயி. பக்கத்து ஆளு கண்ண மூடிட்டான், காதுல ஒயரு. பின்னால ஆவுடை ஒரு சத்தமும் காட்டல. அவளுக்குக் கேட்டிருந்தாக் கத்தியிருப்பா, கரப்பான்பூச்சிக்கே ஓமலூரு முழுக்கக் கேக்கும். அப்ப எனக்கு மட்டுந்தான் கேக்குது. சாமிதான். சாமி எங்கிட்டேர்ந்தே குரல எடுத்துக்கிட்டாரு, இம்புட்டு நாளும் அவரு ஆளுகள நான் எடுத்ததுக்கு. திருடுனவங்கிட்டயே திருடுத மாதிரி. சரி மாடா, எடுத்துக்கோ, எல்லாக் குரலையும் எடுத்துக்கோ, எனக்கு வேண்டாம், கெழவன், பொம்பள, ஹெட்மாஸ்டரு எல்லாரையும் எடுத்துட்டு எம்மவனுக்கு ஒண்ணு குடு. ஒண்ணே ஒண்ணு. கீச்சுக் குரலா இருந்தாலும் சரி, கட்டக் குரலா இருந்தாலும் சரி. நான் உப்ப ஸ்பீக்கர் கட்டி வித்துக்கிடுதேன். முடிச்ச இறுக்கிப் புடிக்கேன், அது வயித்துல அசைஞ்ச மாதிரி இருக்கு, மூச்சுல அசையுதா அதுவா அசையுதா. எட்டாம் மாசம் ஆவுடை எங்கையப் புடிச்சு அவ வயித்துல வச்சா, "ஒதைக்கான் பாருங்க"ன்னா, நான் உடனே உள்ள இருக்கவன் மாதிரிப் பேச ஆரம்பிச்சுட்டேன், 'எப்பா, எடம் பத்தல, பெரிய வீடா பாரும்'னு. அவ சிரிச்சுச் சிரிச்சுப் பெறகு அழுதுட்டா. பொறக்கதுக்கு முன்னாலேர்ந்தே அவனுக்குப் பதிலா நாந்தான் பேசிட்டு வாரேன். நாங்க வெளிய வரும்போது டாக்டரம்மா சொன்னா, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, "வீட்ல நீங்க கொஞ்சம் வாய மூடிப் பாருங்க, அவனுக்கும் எடம் கெடைக்கட்டும்." நான் ஆட்டோ ஸ்டாண்டு வந்து சேருததுக்குள்ள அந்த அம்மா மாதிரிப் பேசிக் காட்டிட்டேன்.

"ஏனுங் உப்புக்காரரே."

ரெண்டு. இது எங்க வாடகை வீட்டுக்காரம்மா, ஓமலூருல. மாசம் மூணு தடவ மாடிப்படியில நின்னு கூப்புடும், 'ஏனுங் உப்புக்காரரே, தண்ணியப் பாத்துச் செலவு பண்ணுங்'. ஆனா இதுவும் அந்தம்மா இல்ல, அந்தம்மா மூக்கால பேசாது, நான் மூக்கப் புடிச்சுக்கிட்டுப் பேசுவேன், ராத்திரி சோறு திங்கும்போது, கதவச் சாத்திட்டு, மெதுவா. அந்தம்மாவுக்குக் கேட்டா வீட்டக் காலி பண்ணச் சொல்லிரும்னு ஆவுடை என் வாயப் பொத்துவா. இத வெளிய எங்கயும் நான் செஞ்சதே இல்ல. கோயிலுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியாது. இது தெரிஞ்ச ஆளு மூணே பேரு. நான், அவ, சோத்துத் தட்டு முன்னால உக்காந்து என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கவன். ஏலே. ஏலே அவனா. அவனா நீ? கழுத்து தானாத் திரும்பப் பாக்குது, கழுத்து நரம்பப் புடிச்சு நிப்பாட்டுதேன். அவன் பேசுனா ஆவுடை சும்மா இருப்பாளா, எந்திரிச்சுக் குதிச்சிருக்க மாட்டாளா. சாமிக்கு வீட்டுக்குள்ள நடக்கது தெரியாதா என்ன. ஆனா சாமிதான் எங்க வீட்டுக்கு இன்னும் வரவே இல்லையே, எல்லையிலதான நிக்காருன்னான் அண்ணன். வராத சாமிக்கு நான் மூக்கப் புடிச்சுப் பேசுதது எப்பிடித் தெரியும். அப்ப அவன்தான். அவன்னா நான் திரும்பணும். அது சாமின்னாத் திரும்பக் கூடாது. திரும்பி அது சாமியா இருந்துட்டா அவன் பேச மாட்டான். திரும்பாம அது அவனா இருந்துட்டா? பேசிட்டான், நான்தான் கேக்கல. சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்குது, செக்கு மாடு மாதிரி.

சொல்லி வச்ச மாதிரி விமானமும் சுத்த ஆரம்பிச்சிட்டு. பைலட்டு பேசுதான், வாயில வெத்தலைய அதக்கிக்கிட்டுப் பேசுத குரல், ஏற்காட்டு மலை மேகம் எறங்கிக் கெடக்காம், ஓடுபாத தெரியலையாம், கொஞ்ச நேரம் மேலேயே சுத்திட்டு எறங்குவோம், தயவுசெய்து உக்காந்திருங்க. ஒரு மணி நேரம் அஞ்சு நிமிசம்னானே மச்சினன். ஒரு பக்கமாச் சாயுது, ரெக்க ஒண்ணு கீழ, ஒண்ணு மேல. சன்னல்ல வெள்ள. வெள்ளைன்னா வெள்ள, சுண்ணாம்புச் செவுத்துக்குள்ள வச்சுப் பூசிட்ட மாதிரி. கோயில வலம் வருவோம்லா அந்த மாதிரி சுத்துது, எதச் சுத்துதோம், நடுவுல என்ன நிக்கி, இந்த வெள்ளைக்கு நடுவுல. கொழந்தை ஒண்ணு முன்னால அழுதுட்டு இருந்துச்சு, அது இப்ப நிப்பாட்டிட்டு. வயித்துல முடிச்சு சில்லுன்னு இருந்தது இப்ப சூடா இருக்கு, காய்ச்சக்காரன் கை மாதிரி. அப்ப வந்துச்சு.

"அப்பா."

எனக்கு எல்லாக் குரலும் தெரியும். செத்தவன் குரல், இருக்கவன் குரல், ரயில்வே ஸ்டேசன்ல அனவுன்ஸ்மெண்டு குடுக்கவ குரல், ஒரு தடவ கேட்டாப் போதும், காதுல பதிஞ்சிரும். இந்தக் குரல் எனக்குத் தெரியாது. இத நான் கேட்டதே இல்ல. சின்னக் குரல், கொஞ்சம் கரகரன்னு, ரொம்ப நாளாப் பூட்டிக் கெடந்த கதவத் தொறக்க மாதிரி. யாரு மாதிரியும் இல்ல. எம்மாதிரி இல்ல, ஆவுடை மாதிரி இல்ல. தெரிஞ்ச ஆளு குரல்லதான் கூப்புடும்னானே அண்ணன், இது தெரியாத குரலாச்சே. எம்மவன் குரலு எனக்குத் தெரியாதே, சாமி அதுல கூப்புட்டா நான் எப்பிடிக் கண்டுபுடிப்பேன். மாஸ்க்கு நனைஞ்சு போச்சு, மூக்குத் தண்ணியா கண்ணுத் தண்ணியா தெரியல. நகத்தத் தொடையில குத்திக்கிட்டேன். பேசல. சொள்ளமுத்து பேசல, எல்லாரும் பாத்துக்கோங்க, மூணாச்சு, நான் பேசல. மூணு முடிஞ்சுது. முடிஞ்சுது மாடா, நீரு கூப்புட்டாச்சு, நான் கேக்கல, இனி வந்துதான் ஆகணும். விமானம் நேராச்சு. மூக்கு கீழ எறங்குது, வெள்ள கிழியுது, அடியில பச்ச தெரியுது, தென்னந்தோப்பு, ஒரு ஏரி, ஓட்டு வீடு. ஓமலூரு ரோடா அது? நம்ம தெருவா? சக்கரம் எறங்குத சத்தம் காலுக்கு அடியில தடதடன்னு,

"அப்பா."

நாலு. மூணு தடவதான் கூப்புடும்னான். நாலாவது தடவ கூப்புடுதது யாரு? மொதல்லேர்ந்து எண்ணு. பெரியப்பா ஒண்ணு, வீட்டுக்காரம்மா ரெண்டு, அப்பா மூணு, அப்பா நாலு. ஆனா பெரியப்பா, காது அடைச்சிருந்தப்ப வந்தது, அது கூப்புட்டதா நெனப்பா? அது நெனப்புன்னா இது மூணு. இது மூணுன்னா இதுதான் பால்வண்ணம் சித்தப்பா மாட்டுன எடம், இப்ப வாயத் தொறந்தா எல்லாம் போச்சு, நாலு வருசம், இந்த மண்ணு, எல்லாம். இது நாலுன்னா? நாலுன்னா ஒரு புள்ள ரெண்டு தடவ அப்பன்னு கூப்புட்டுட்டான், அப்பன் குத்துக்கல்லு மாதிரி முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கான். இன்னொரு தடவ கூப்புடுவானா? நான் கூப்புட்டு நாலு வருசம் அவன் திரும்பிப் பாத்துக்கிட்டேதான இருந்தான். ஒரு தடவகூட அவன் திரும்பாம இருந்தது இல்லையே. பெல்ட்டக் கழத்துனேன். அந்தப் பொண்ணு கடைசி சீட்டுலேர்ந்து கத்துது, "ஸார்! உக்காருங்க ஸார்!" மாஸ்க்க இழுத்துப் போட்டேன். போனாப் போவும். மண்ண இன்னொரு தடவ அள்ளிக்கிடலாம்.

"என்ன மக்கா"ன்னேன்.

திரும்பி, சீட்டு மேல முட்டி போட்டு, பின்னால பாத்தேன். எங்குரலு எனக்கே வேத்து ஆளு மாதிரி இருந்துச்சு. மவன் முழிச்சுட்டுத்தான் இருக்கான். வாய் மூடிருக்கு. நேரா என்னையே பாக்கான். ஆவுடை அவன் கன்னத்த ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு இருக்கா, மூஞ்சி வெளிறிப் போயி, கண்ணு நெறையத் தண்ணி.

"நீங்களும் கேட்டியளா?"ன்னா.

"ஏட்டி... ஒனக்கும் கேட்டுச்சா? நாலு தடவையுமா?"

"எல்லாம் கேட்டேன். கத்துனா நீங்க திரும்பிருவியளோன்னு சேலைய வாயில அமுக்கிட்டு உக்காந்திருந்தேன்." அவன் உதட்டத் தொட்டுக் காட்டுனா. "அந்த ரெண்டாவது கூப்புட்டுலேர்ந்து நான் இவன் வாயத்தான் பாத்துட்டே வாரேன். அசையலங்க. ஒரு தடவகூட அசையல."

பக்கத்து ஆளு வாயப் பொளந்துட்டுப் பாக்கான், ஊமை பேசுதானேன்னு. இன்னொரு நாளுன்னா அந்த மூஞ்சி ஒரு வருசத்துக்குப் போதும் எனக்கு. மவன் ரெண்டு கையயும் நீட்டுனான். எனக்கு நேர இல்ல, என் வயித்துக்கு நேர. சட்டப் பட்டன அவுத்து முடிச்ச எடுத்தேன், சீட்டுக்கு நடுவுல இருந்த சந்து வழியாக் குடுத்தேன். கீழ எறக்கி வைக்கல, கை மாத்திவிட்டேன், அது குத்தமா இல்லையான்னு யாரக் கேக்க. அவன் வாங்குனான், கெட்டியா வாங்குனான், பழக்கப்பட்டவன் மாதிரி. மடியில வச்சான். தலையச் சாச்சு, காத அது மேல வச்சான். தடார்னு சக்கரம் தரையில முட்டுது, எல்லாரும் முன்னால போயிப் பின்னால வாராவ, தலைக்கு மேல பெட்டி குலுங்குது, அந்தப் பொண்ணு என் தோளப் புடிச்சு அமுக்குது, அவன் மட்டும் அசையல. கேட்டுக்கிட்டே இருக்கான். பெறகு தலைய ஆட்டுனான், மெதுவா, யாரோ எதையோ கேட்டதுக்கு ஆமான்னு சொல்லுத மாதிரி. "என்னலே மக்கா, என்ன சொல்லுது, யாருல பேசுதா"ன்னு நான் ஆரம்பிச்சேன், நாலு வருசத்துப் பேச்சும் ஒண்ணா முட்டிக்கிட்டு வருது. அவன் தலைய எடுக்காம, கண்ண மட்டும் தூக்கி என்னப் பாத்து, உதட்டுல வெரல வச்சான்.